நாற்பதாயிரம் கோய் குஞ்சுகள் மாடியேறிய விவரம்

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு, மார்கழி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, செம்மண்குறிச்சி சந்தனமாரி வளர்த்த நாற்பதாயிரம் கோய் வண்ணமீன் குஞ்சுகளும் சிமெண்ட் தொட்டிகளை விட்டு வெளியேறி, மாடிப்படியில் வளைந்து வளைந்து ஏறி, மொட்டைமாடிக்குப் போய்ச் சேர்ந்தன. அன்று காலையில் முட்டை ஆறரை ரூபாய். குஞ்சுகள் பறக்கவில்லை என்பதைப் பிற்பாடு விசாரிக்க வந்தவர்கள் எல்லோரிடமும் சந்தனமாரி திருத்திச் சொன்னாள். நீந்தித்தான் போயின. அன்றைக்குப் பெய்த மழை அப்படி. கிழக்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியிருக்கிறது. முற்றத்தில் நின்று வாயைத் திறந்தால் மூச்சு இழுப்பதா தண்ணீர் குடிப்பதா என்று மனிதர்களுக்கே பிடிபடவில்லை. பிறந்து நாற்பது நாளான குஞ்சுக்குத் தொட்டி எங்கே முடிகிறது, காற்று எங்கே ஆரம்பிக்கிறது என்று யார் சொல்லிக்கொடுப்பது?

சந்தனமாரி பத்தொன்பது வருடம் பீடி சுற்றியவள். இருமல் வந்து வைத்தியர் பீடித்தட்டைத் தூக்கிப் பரணில் போடச் சொன்ன பிறகு, பேட்டையில் வண்ணமீன் கடை வைத்திருந்த சிவசண்முகம் அண்ணாச்சியிடம் தாய்மீன் ஒன்றும் ஆண்மீன் இரண்டும் வாங்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் நான்கு தொட்டி கட்டினாள். அவள் கணவன் சங்கிலிபூதத்தான் பேட்டையில் லேத் பட்டறையில் வேலை பார்த்தான். அவனுக்கு மீன் என்றால் குழம்பு. “கொழம்புக்கும் ஆவாத மீனுக்கு என்னத்துக்குட்டி நாலு தொட்டி?” என்று கேட்டான். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. நைலான் கயிற்றுக் குஞ்சத்தில் முட்டை ஒட்டிய அன்றே தாயையும் தகப்பன்மாரையும் வேறு தொட்டிக்கு மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் பெற்றதுகளே தின்றுவிடும். பொரித்த மூன்றாம் நாள் வயிற்றோடு கொண்டுவந்த தீனி தீர்ந்துவிடும். அதிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு வேளை. அவித்த கோழிமுட்டையின் மஞ்சள்கருவை மெல்லிய துணியில் கட்டித் தண்ணீருக்குள் பிழிந்தால் மஞ்சள் புகைபோல் பரவும். கண்ணும் வாலும் மட்டுமே இருக்கிற குஞ்சுகள் அந்தப் புகையைத் தின்னும். கூடப் பிழிந்தால் தண்ணீர் கெட்டுச் சாகும், குறைத்தால் ஒன்றையொன்று கடித்துச் சாகும். முட்டை பக்கத்து வீட்டு ஜமீலா பீவியின் கோழிகள் இட்டவை. மஞ்சள்கரு போக மிஞ்சிய வெள்ளைக்கருவை இரண்டு வீட்டிலும் பொரியலாக, குழம்பாக, உப்புமாவில் கலந்து, கடைசியில் ஒன்றும் போடாமல் வெறுமனே என்று ஒரு மாதம் தின்றார்கள்.

ஆறு வேளைக்காரி எங்கே போக முடியும்? கார்த்திகையில் நாத்தனார் புதுவீடு பால்காய்ச்சினாள். சந்தனமாரி போகவில்லை. தனியாகப் போன சங்கிலிபூதத்தானிடம் பந்தியில் உட்கார்ந்த ஒவ்வொருவரும் “மாரி வரலியா?” என்று கேட்டார்கள். அவன் “மீனுக்குச் சோறு வைக்கணுமாம்” என்று சொல்ல, பந்தி முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் ஊருக்கு வந்தவன், “நீ ஒன் மீனோட இரி” என்று சொல்லிவிட்டு, நான்கு சட்டையை எடுத்துக்கொண்டு பட்டறையிலேயே போய்ப் படுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு இருபத்து மூன்று நாள் ஒரு பேச்சு வார்த்தை கிடையாது. சந்தனமாரி அழவில்லை என்று சொல்ல முடியாது. வேளை தவறாமல் தீனி வைத்துக்கொண்டே அழுதாள்.

இதற்கிடையில் சிவசண்முகம் அண்ணாச்சி வந்து தொட்டிகளைப் பார்த்தார். சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டு விழத் தொடங்கியவை கொஞ்சம். மற்றதெல்லாம் சாம்பல். “ஏம்மா, இனி கழிக்கணும். பத்துக்கு ஒண்ணு நின்னா அதிகம். மிச்சத்த விரால் குட்டைல தட்டிரு. எரக்கப்பட்டேன்னு வையி, இட நெருக்கடில எல்லாஞ் சேந்து போயிரும்” என்றார். அவர் சொன்னது தொழில் தெரிந்தவர் பேச்சு, பொய்யில்லை. சந்தனமாரி வெள்ளைப் பேசினையும் கைவலையையும் வைத்துக்கொண்டு மூன்று முறை தொட்டியோரம் உட்கார்ந்து, மூன்று முறையும் வலை நனையாமல் எழுந்துவிட்டாள். சாம்பல் குஞ்சுகளும் அவள் நிழலைக் கண்டால் மேலே வந்து வாயைத் திறந்தன. திங்கட்கிழமை தாமே வந்து கழித்துத் தருவதாக அண்ணாச்சி சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமைக்கு முந்தின நாள்தான் அந்த மழை.

முதலில் பார்த்தது ஜமீலா பீவி. வீட்டுக்குள் தண்ணீர் வந்ததும் பதினொரு கோழிகளோடு சந்தனமாரி வீட்டு மாடிக்கு ஏறியிருந்தாள். “மாரி, ஒம் புள்ளையெல்லாம் படியேறி வருது பாரு” என்றாள். சந்தனமாரி ஆச்சரியப்படவில்லை. அது ஐந்தாம் வேளை, தீனி டப்பா கீழே அடுப்படியில் இருந்தது என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, டப்பாவைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒரு கைப்பிடி அள்ளி வீசியபோது தூள் கீழே விழாமல் மழைக்குள்ளேயே மிதந்தது. குஞ்சுகள் அவள் முழங்காலிலிருந்து கழுத்துவரை மொய்த்து நின்று தின்றன.

மறுநாள் காலையில் ஊரோரத்து ஆறு வாசல் நிலையின் உச்சிக்கு மேலே ஓடியது. நான்கு தொட்டியும் சேற்றுக்கடியில் போய்விட்டன. உள்ளேயே இருந்திருந்தால் குஞ்சுகள் அதற்குள் கடலில் சேர்ந்திருக்கும். அந்த மங்கல் வெளிச்சத்தில் சிவப்பு எது, சாம்பல் எது என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவள் முயலவுமில்லை. ஜமீலா பீவியின் முக்காட்டுக்குள் ஒரு நூறு குஞ்சு போய் ஒண்டிக்கொண்டது. “கூச்சமாருக்கு புள்ள, வெளிய வரச் சொல்லு” என்று அவள் சிரித்தாள். காயல்பட்டினத்தில் தன் தாய்வீடு என்ன ஆயிற்றோ என்ற கவலையை அதற்குப் பிறகுதான் வாய் திறந்து சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது தீனி தீர்ந்துவிட்டது. பெண்கள் இருவரும் இரண்டு நாளாக ஒன்றும் தின்னவில்லை. நனைந்து வெடவெடத்த கோழிகள், என்ன நினைத்தனவோ, அன்றைக்குப் பார்த்து ஆளுக்கொன்றாகப் பதினொரு முட்டை இட்டன. முட்டைகளை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். குஞ்சுகள் சுற்றி நின்றன.

“நீங்க குடிங்கக்கா, ஒங்க கோழி” என்றாள் சந்தனமாரி.

“வெள்ளக்கரு தின்னே நாக்கு பழகிப்போச்சுட்டி. மஞ்சள அதுகளுக்குக் குடு” என்றாள் ஜமீலா பீவி.

பதினொரு மஞ்சள்கருவும் பச்சையாகவே முந்தானை வழியாகக் காற்றில் பிழியப்பட்டன. அந்த மஞ்சள் மூட்டம் மாடிக்குமேல் பரவ, நாற்பதாயிரமும் அதற்குள் பாய்ந்து பெரிய வட்டமாகச் சுழன்றன.

அந்த வட்டத்தைத்தான் சங்கிலிபூதத்தான் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரியிலிருந்தே பேட்டையில் இருப்புக் கொள்ளாமல் தவித்தவன், திங்கட்கிழமை பூராவும் நடந்து, கடற்கரையிலிருந்து படகோடு உதவிக்கு வந்திருந்த இரண்டு மீனவர்களைப் பிடித்துப் படகில் ஏறிவிட்டான். ஆனால் ஊர் இருந்த இடத்தில் ஊர் இல்லை. மழை மூட்டத்தில் பனையும் தெரியாமல் வீடும் தெரியாமல் எல்லாம் ஒரே கலங்கல் தண்ணீர். தன் வீடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் அரை மணி நேரம் படகைச் சுற்ற வைத்தவன் கண்ணில், யாரோ மஞ்சள் புடவையை உதறுவதுபோல் ஆகாயத்தில் ஒன்று தெரிந்தது. “அங்கன போங்க வே, அங்கனதான்” என்று கத்தினான். எப்படித் தெரியும் என்று படகுக்காரர் கேட்டதற்கு, “எம் பொண்டாட்டி தீனி வைக்குதா” என்றானாம்.

மாடியில் கால் வைத்தவன் மீன்களைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். “ஏட்டி, சாப்ட்டியா?” என்று கேட்டான்.

“இதுக சாப்ட்டுச்சு” என்றாள் சந்தனமாரி.

அவள் தலையைத் துவட்டத் துண்டைத் தேடினான். துண்டும் நனைந்திருந்தது. அதைப் பிழிந்து பிழிந்து அவள் தலையில் வைத்துக்கொண்டே நின்றான்.

படகுக்காரர் மனிதர்களையும் கோழிகளையும் மட்டும்தான் ஏற்ற முடியும் என்றார். குஞ்சுகளை ஏற்றவேண்டிய அவசியம் இருக்கவில்லை, அவை கூடவே வந்தன. ஊரைத் தாண்டுவதற்குள் மழை விட்டது. மேகம் பிளந்து வெயில் விழுந்ததும் படகில் எல்லோரும் கும்பிட்டார்கள், சந்தனமாரியைத் தவிர. மேலே போன குஞ்சுகள் தடுமாறின. ஒன்று அவள் மடியில் பொத்தென்று விழுந்து துடித்தது. சங்கிலிபூதத்தானுக்கு உடனே புரிந்தது. “காத்து காயுதுட்டி!” என்றவன் படகில் எழுந்து நின்று, லேத் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய தொண்டையால் ஊரைக் கூப்பிட்டான். “எல்லாரும் தொட்டி மூடியத் தொறங்க! தண்ணி இருக்கதெல்லாம் தொறங்க! மீனு விழுது!”

பள்ளிக்கூட மாடியிலும் அவரவர் மொட்டைமாடியிலும் ஒதுங்கியிருந்த செம்மண்குறிச்சிக்காரர்கள் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. மாடிகளில் இருந்த கறுப்புத் தொட்டிகளின் மூடிகள் திறந்தன. அண்டா, வாளி, கல்யாண மண்டபத்துக் கொப்பரை, குழந்தை குளிக்கும் பிளாஸ்டிக் தொட்டி எல்லாம் மழைத்தண்ணீரோடு வெளியே வந்தன. குஞ்சுகள் சரம்சரமாகப் பிரிந்து, எந்த வீடு கிட்டத்தில் இருந்ததோ அந்த வீட்டில் இறங்கின. மணி இரண்டுக்குள் காற்றில் ஒன்றுகூட மிச்சமில்லை. செத்தது இருநூற்றுப் பதினாறு. தண்ணீர் வடிந்தபின் அவற்றை முருங்கை மரத்தடியில் புதைத்தாள்.

வெள்ளத்துக்குப் பின்னால் கொசு வந்தது. சுற்றுப்பட்டிகளில் காய்ச்சல் படுத்தியது. செம்மண்குறிச்சியில் கொசுப்புழு முழுவதையும் கோய் குஞ்சுகள் தின்றுவிட்டதால், ஒருவரும் படுக்கவில்லை. தை பிறந்ததும் சிவசண்முகம் அண்ணாச்சி வெள்ளைப் பேசினும் கைவலையுமாக வந்து, தெருத்தெருவாகப் போய்க் கழிக்கக் கேட்டார். “எங்க வீட்டு மீனுல்லா அண்ணாச்சி” என்று ஒரு வீட்டிலும் மூடியைத் தொடவிடவில்லை. எட்டிப் பார்க்க மட்டும் விட்டார்கள். முந்நூறு வீட்டுக்குப் பிரிந்து போனதில் இட நெருக்கடி தீர்ந்து, சாம்பல் குஞ்சுகளில் பாதி பொன்னிறமாகவும் கறுப்புப் புள்ளியாகவும் தேறியிருந்தன. தேறாத சாம்பலும் சாம்பலாகவே கொழுத்திருந்தது. அண்ணாச்சி நெடுநேரம் பார்த்தார். “கழிக்க ஒண்ணுமில்ல, தாயி” என்று சொல்லிவிட்டு, வலையைச் சந்தனமாரியிடமே கொடுத்துவிட்டுப் போனார். பெருகியதில் கொடுக்க மனமுள்ளவர்கள் கொடுப்பதை இப்போதும் அவர்தான் வாங்குகிறார்.

சங்கிலிபூதத்தான் பட்டறைக்கு வீட்டிலிருந்தே போய் வருகிறான். எல்லா வீட்டுத் தொட்டி மூடியிலும் ஒரு சாண் வட்டத்துக்குக் கொசுவலை வைத்த கதவு ஒன்றை அவனே கடைந்து போட்டுக்கொடுத்தான். மழை அறிவிப்பு வந்தால் அதைத் திறந்துவைக்கிறார்கள். கொடியில் காய்கிற துணியையும் எடுத்துவிடுகிறார்கள். மழை தடித்ததும் மீன்கள் தெருவுக்கு வரும். இப்போது ஒவ்வொன்றும் முழங்கை நீளம். குடையைத் தாழ்த்திப் பிடித்து நடப்பார்கள். திருநெல்வேலிப் பேருந்து வளைவில் ஒலி கொடுத்து நிற்கும். சந்தனமாரி தீனி வாளியோடு நடுத்தெருவில் நிற்க, சங்கிலிபூதத்தான் முன்னால் போய் இரண்டு கையாலும் மீன்களை ஒதுக்கி, “பைய வாங்க, பைய” என்று பேருந்துக்கு வழி விடுவான். மழை விட்டதும் அவை தத்தம் வீட்டுத் தொட்டிக்குத் திரும்பிவிடும். சில சமயம் வீடு மாறிப் போவதுண்டு. அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை.