இருங்க, வந்துட்டேன்

"நீ தொட்டா மட்டும் ஏன் அவன் பேச மாட்டேங்குறான்?"

அத்தை அப்படிக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் கூச்சலுக்கு நடுவில். மருமகள் பாட்டுப் போடும் மிக்ஸருக்குப் பின்னால் நின்று அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். காதில் விழாதவள் போல ஒலியைக் கொஞ்சம் ஏற்றிவிட்டாள். ஆனால் பாத்திரம் துலக்கும்போதும், துணி மடிக்கும்போதும், ராத்திரி விளக்கை அணைத்த பிறகும் அந்தக் கேள்வி அவள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

மிக்ஸர் அவள் கணவனுடையது. மழைக்காலத்தில் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தவன், பிறந்தநாள் விழாக்கள் நடக்கும் அந்தக் கீழ்த்தளத்து ஹாலில் வாரா வாரம் டீஜேவாக நின்றவன். மிக்ஸரின் ஓரத்தில் ஒரு வரிசை ரப்பர் பொத்தான்கள் உண்டு. ஒன்றை அமுக்கினால் விசில், ஒன்றை அமுக்கினால் கைதட்டல். கடைசிப் பொத்தானில் தன் குரலையே பிடித்து வைத்திருந்தான். பாட்டு முடியும் நேரத்தில் வாயில் சாப்பாடு இருந்தால் அவளுக்குக் கண்ணைக் காட்டுவான். அவள் அமுக்குவாள். "இருங்க, இருங்க, வந்துட்டேன்!" என்று ஹாலே அதிரும்.

அவன் போன பிறகு மிக்ஸர் அவள் கைக்கு வந்தது. ஸ்பீக்கரும் ஒயரும் கொழுந்தன் பொறுப்பு. கறுப்பு இன்சுலேஷன் டேப் சுருளை எந்நேரமும் வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு திரிவதால் ஊருக்கே அவன் 'டேப்பு'.

பிறகு குளிர் வந்தது. ஹாலில் ஹீட்டர் போட்டார்கள். தரை முழுக்கக் கார்பெட். காற்று காய்ந்து, கதவுப்பிடியைத் தொட்டால் சுள்ளென்று குத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெந்நீர் பிளாஸ்கோடு வந்த அத்தை, அதை வைக்க இடம் தேடி மிக்ஸர்மேல் கையை ஊன்றினாள். சடக்கென்று ஒரு சொடக்கு. அடுத்த நொடி, யாரும் எதையும் அமுக்காமல், இரண்டு ஸ்பீக்கரிலும் முழு ஒலியில்:

"இருங்க, இருங்க, வந்துட்டேன்!"

"வாங்க! வாங்க!" என்று குழந்தைகள் குதித்தார்கள். பலூன்களுக்கு நடுவே மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள்.

அதற்குப் பிறகு அத்தை ஒரு வாரம்கூடத் தவறவில்லை. நைலான் புடவை, மேலே கம்பளிச் சால்வை, காலில் ரப்பர் செருப்பு. வாசலிலிருந்து மிக்ஸர் வரைக்கும் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வருவாள். முட்டி வலி என்று நினைத்தாள் மருமகள். தொடுவாள். சில நாள் விசில் வரும், சில நாள் ஒன்றும் வராது, சில நாள் அவன் வருவான். வந்த நாளில் அத்தை வீட்டுக்குப் போய் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுவாள்.

"ஆவியும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. கார்பெட்டு" என்றான் டேப்பு. "நீ நடந்து வர்றப்போ உன் ஒடம்புல கரண்டு சேருது. தொட்டதும் அதுல எறங்குது. பொத்தான் தானா வேலை செய்யுது."

"அப்போ உன் அண்ணி தொட்டா?"

"அண்ணி காட்டன் புடவை. அதோட மொதல்ல ஸ்டாண்டத் தொடுவாங்க, கரண்டு அதுலயே போயிரும்."

அது அவள் கணவன் பழக்கிவிட்டது. 'மொதல்ல இரும்பு ஸ்டாண்டு, அப்புறம்தான் நான்' என்பான், மிக்ஸரும் தானும் ஒரே ஆள் என்பது போல. அவள் கை இன்றைக்கும் தானாக ஸ்டாண்டுக்குப் போய்விட்டுத்தான் மிக்ஸருக்கு வரும்.

அவள் அந்தக் குரலைப் போனில் பதிந்தும் கொடுத்துப் பார்த்தாள். அத்தை ஒருமுறை கேட்டுவிட்டுப் போனைத் திருப்பித் தந்தாள்.

"கேட்டா வர்றது போனு. கேக்காம வர்றான் பாரு, அதான் அவன்."

அப்படியே ஓடியிருக்கும். ஆனால் போன வாரம் அத்தை தொட்டபோது குரல் வரவில்லை. ஸ்பீக்கர் வெடித்தது போல ஒரு சத்தம் வந்தது. கேக் வெட்டிக்கொண்டிருந்த குழந்தை அலறி அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொண்டது. மேனேஜர் வந்தார். அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கறேம்மா. தப்பா நெனைக்காதீங்க."

இந்த ஹால் போனால் வேறு ஹால் இல்லை. மேனேஜர் போனதும் அவள் மேசைக்கு அடியில் குனிந்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்தாள். மிக்ஸரின் பிளக்கை உருவியபோது கை நின்றது. மூன்று முனை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. எர்த் முனை வெட்டப்பட்டு, வெட்டிய இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"யாரு வேலை இது?"

டேப்பு தலையைச் சொறிந்தான். "ஸ்பீக்கர்ல ம்ம்ம்னு ஒரே இரைச்சல் அண்ணி. அண்ணன் தவறின அந்த வாரம்தான். அந்தச் சத்தத்தக் கேக்கவே முடியல. அதான் வெட்டிட்டேன். எல்லாரும் செய்யறதுதான்."

"அவர் செய்யலையே."

"எர்த்து இருந்தா அம்மா ஒடம்புக் கரண்டு தரைக்கு எறங்கிரும். அண்ணன் குரலும் வராது" என்றான் அவன். மறுநாள் புதுப் பிளக் வாங்கி வந்தான். ஆனால் மாட்டவில்லை. "நீங்களே மாட்டிருங்க அண்ணி. அம்மா மூஞ்சிய என்னால பாக்க முடியாது."

இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சீக்கிரமே வந்துவிட்டாள். ஹாலில் யாரும் இல்லை. ஹீட்டர் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நாற்காலியில் அத்தை மறந்துவிட்டுப் போன கம்பளிச் சால்வை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தவள் கீழே வைத்தாள். சால்வையைப் போர்த்திக்கொண்டாள். வாசலுக்குப் போய், அங்கிருந்து செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். கை பழக்கதோஷத்தில் ஸ்டாண்டுக்குப் போனது. இடது கையால் அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள்.

ஒரே ஒரு தடவை. எனக்கும் ஒரே ஒரு தடவை.

மிக்ஸரைத் தொட்டாள். விரல் நுனியில் நீலமாய் ஒரு பொறி தெறித்தது. பொத்தான் ஒன்று மின்னியது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

கைதட்டல். ஆளில்லாத ஹால் முழுக்க, நூறு பேர் எழுந்து நின்று தட்டுவது போல. அது ஓயும்வரை அவள் அசையவில்லை. பிறகு சால்வையை மடித்து நாற்காலியில் வைத்தாள். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். புதுப் பிளக்கைச் சுவரில் செருகியதும் ஸ்பீக்கரில் அந்தப் பழைய இரைச்சல் திரும்பி வந்தது. ம்ம்ம்ம் என்று, யாரோ பேச வாயெடுத்து நிறுத்திக்கொண்டது போல. வேலைக்காகச் செய்தேனா, வேறு எதற்காகவாவதா என்று தன்னையே கேட்டுக்கொள்ள அவளுக்குத் தைரியம் வரவில்லை.

குழந்தைகள் வந்தார்கள். அத்தையும் வந்தாள், தேய்த்துத் தேய்த்து, பிளாஸ்கோடு. மிக்ஸரைத் தொட்டாள். சுள்ளென்று குத்தியது, விரலை உதறினாள். பாட்டு பாட்டுக்கு ஓடியது. வாசலுக்குப் போய்த் திரும்ப வந்து தொட்டாள். மறுபடியும் குத்தியது. அவ்வளவுதான்.

"நான் அமுக்கட்டுமா அத்தை?" விரல் கடைசிப் பொத்தானுக்கு மேல் நின்றது.

அத்தையின் பார்வை அந்த விரலுக்குப் போகவில்லை. மிக்ஸரின் முதுகிலிருந்து ஒயர் போகும் வழியே மெல்ல இறங்கி, சுவரில் பளீரென்றிருந்த வெள்ளைப் பிளக்கில் போய் நின்றது. பிறகு மடித்திருந்த சால்வைக்கு வந்தது. கடைசியாக மருமகளின் முகத்துக்கு.

பிளாஸ்கை மேசையில் வைத்தாள். சால்வையை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டாள். குதிக்கிற குழந்தைகளுக்கு நடுவே, ஒவ்வொரு காலையும் நன்றாகத் தூக்கித் தூக்கி வைத்து, கார்பெட்டில் செருப்பு தேயும் சத்தமே இல்லாமல் வாசலைத் தாண்டிப் போனாள்.