காது கெட்டுப்போன வெள்ளிக்கிழமை

என் காது பொய் சொல்லும் காது. ஒன்பது வருஷமாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அதனால் இடி என்னைக் கூப்பிட்டுத் தட்டுமேசையில் உட்காரச் சொன்னபோது, வேறு யாரையோ சொல்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

இடி எங்கள் பீங்கான் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர். இருபது வருஷம் தட்டு வார்க்கும் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்றதில் காது மந்தமாகிவிட்டது. தனக்குக் கேட்க வேண்டுமே என்று ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவார், அதனால் அந்தப் பெயர். தட்டுமேசை ஜன்னலோரம் இருக்கிறது. சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு தட்டையும் விரல் நுனியில் ஏந்தி, ஓரத்தில் ஒரு மரக்குச்சியால் லேசாகத் தட்ட வேண்டும். நல்ல தட்டு கணீரென்று ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் மொத்தென்று முனகும். கண்ணுக்கு அகப்படாத விரிசலைக் காதுதான் பிடிக்கும். அங்கே இருந்தவர் ஓய்வு பெற்றுப் போய்விட, மேசை காலியாக இருந்தது.

ஆறு வருஷமாக ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்த எனக்கு இந்த யோகம் வந்தது என் வாயால்தான். யாரோ தட்டுகளை அடுக்கும்போது எழுந்த சத்தத்தைக் கேட்டு, "இது தேறாது" என்று உளறிவிட்டேன். இடி பக்கத்தில் நின்றிருந்தார். எடுத்துப் பார்த்தால் அடியில் மயிரிழை விரிசல்.

"ஒரு வாரம் உக்காந்து பாரு. சனிக்கிழமை வேலை உனக்கா இல்லையான்னு சொல்றேன்" என்றார்.

எனக்கு மனச்சிதைவு நோய். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என் காதில் ஒரு குரல் குடிவந்தது. நான் கண் விழிப்பதற்காகவே காத்திருந்த மாதிரி ஆரம்பிக்கும்: நீ உதவாக்கரை, நீ தொட்டது விளங்காது. மாத்திரை சாப்பிடச் சாப்பிட அது தேய்ந்து, நாலு வருஷமாக ஆளையே காணோம். இருந்தாலும் எனக்குச் சந்தேகம் போகவில்லை. வாசலில் மணி அடித்தால்கூட, மற்றவர்கள் தலை திரும்புகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் திரும்புவேன். தொழிற்சாலையில் யாரிடமும் நோயைப் பற்றிச் சொன்னதில்லை. என்னை ஒதுக்கிவைக்கும் சிரமத்தை அவர்களுக்குக் கொடுக்காமல் நானே செய்துகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் முதல் தட்டைத் தட்டினேன். கணீர். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாலு நாள் என் கால் தரையில் படவில்லை என்றே சொல்லலாம். ஐம்பதில் ஒன்று மொத்தென்னும். அதைத் தள்ளிவைத்துவிட்டு மற்றதைப் பக்கத்தில் பெட்டி கட்டும் ஜெட்டிடம் கொடுப்பேன். ஜெட் என் வயதுக்காரி. கை வேகத்துக்காக வைத்த பெயர், வாய்க்கும் பொருந்தும். இந்த வேலை எனக்கு வேண்டும் என்று ஆசையாக இருந்தது. எதையும் அப்படி ஆசைப்பட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை முதல் தட்டு மொத்தென்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கணீர். அடுத்த நாலும் மொத். ஜெட்டின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் கேட்டிருந்தால் தெரியுமே. ஆனால் அவள் தன் நாத்தனாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருக்கும்வரை அவள் காது மூடித்தான் இருக்கும்.

இத்தனை தட்டு ஒரே நாளில் கெட்டுப்போகுமா? கெட்டது தட்டா, நானா? முடிவுக்கு வர எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நான்தான். நோய் திரும்ப வந்துவிட்டது, இந்தத் தடவை தட்டுக்குள் புகுந்துகொண்டு வந்திருக்கிறது. பாவம், தட்டு என்ன செய்யும் என்று எல்லாவற்றையும் ஜெட் பக்கம் தள்ளினேன். அவள் கட்டிக்கட்டி அடுக்கினாள்.

நாலு மணிக்கு லாரி வரும். மூன்று மணிக்கு என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து இடியின் அறைக்குப் போனேன்.

"சார், என்னைத் திரும்ப ஸ்டிக்கருக்கே அனுப்பிடுங்க."

"என்னது?"

"எனக்கு ஒரு வியாதி இருக்கு சார்" என்றேன், தொண்டைக்குள்ளேயே.

"கேக்கலம்மா. சத்தமா சொல்லு."

வீட்டுச் சுவருக்குக்கூடக் கேட்காமல் காப்பாற்றிய ரகசியத்தை, கூரை அதிரக் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. "எனக்கு மனச்சிதைவு நோய் சார். இல்லாத குரலெல்லாம் கேக்கும். நாலு வருஷமா இல்ல. இன்னைக்குக் காலையில இருந்து மறுபடி காது கெட்டுப்போச்சு. பாதித் தட்டுக்கு மேல மொத்துன்னுதான் கேக்குது."

வெளியே ஜெட்டின் பேச்சு நின்றது. அதை நான் முதல்முறையாகக் கேட்டேன்.

இடி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "எந்தச் சூளைத் தட்டு?"

"ரெண்டாவது சூளை. ஆனா தட்டு நல்லாத்தான் சார் இருக்கும், என் காதுதான்…"

"எங்க அதெல்லாம்?"

"பெட்டியில."

அவர் முகம் சிவந்தது. "அந்தக் குரல் வந்தப்போ என்னம்மா சொல்லும்?"

"உதவாக்கரைன்னு சொல்லும். தொட்டது விளங்காதுன்னு சொல்லும்."

"பீங்கானைப் பத்தி ஏதாவது பேசியிருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப அது வேற, இது வேற. இன்னைக்கு அந்தக் குரல் வந்துச்சா?"

யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. காலையிலிருந்து உதவாக்கரை உதவாக்கரை என்று சொன்னது என்னவோ உண்மை. ஆனால் சொன்னது நான். அந்தக் குரல் வேலையை விட்டுப் போய் நாலு வருஷமாகியும், அது பார்த்த வேலையை நான் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"வரல சார்" என்றேன்.

"அப்புறம் என்ன? உனக்கு அறிவிருக்கா? காதுல கேட்டதைச் சொல்றதுக்குத்தானே அந்த மேசையில உக்கார வச்சிருக்கு. உனக்குச் சந்தேகமா இருந்தா, முதல் தட்டுலேயே என்கிட்ட ஓடி வரவேண்டாமா? லாரி வர்ற நேரத்துக்கு வந்து கதை சொல்ற. வியாதி இருந்தா டாக்டர்கிட்ட போ, தட்டு கெட்டிருந்தா என்கிட்ட வா. ரெண்டையும் போட்டு ஏன் குழப்பற?"

திட்டிக்கொண்டே நடந்தார். நான் பின்னால் ஓடினேன். எல்லா இயந்திரத்தையும் நிறுத்தச் சொன்னார். கூடம் அமைதியானது. ஜெட் பெட்டிகளைப் பிரித்தாள், நான் தட்டிச் சொன்னேன், இடி நீல மைத் தண்ணீரைத் தடவித் துடைத்தார். விரிசல் இருந்தால் அதில் மை தங்கிக் கோடாகத் தெரியும். நான் மொத்தென்று சொன்ன ஒவ்வொன்றிலும் கோடு தெரிந்தது. கணீரென்று நான் சொன்னவற்றில் விரிசலோடு தப்பிப்போனது ஒன்றே ஒன்று. அதற்கும் தனியாகத் திட்டினார். எனக்கு அதுவும் இனித்தது. சூடு ஆறுவதற்கு முன்னாலேயே சூளைக் கதவைத் திறந்துவிட்டார்களாம். அதைக் கண்டுபிடித்ததும் அவர் குரல் சூளை ஆட்கள் பக்கம் திரும்பியது.

"வியாதியைச் சொல்லியிருக்கலாம், இல்ல தட்டு கெட்டிருக்குன்னாவது சொல்லியிருக்கலாம்" என்று ஜெட் பொரிந்தாள். "ரெண்டையும் முழுங்கிட்டு என் பஸ்ஸை விட வச்சுட்டியேடி. நாளைக்கு நீதான் எனக்கு டீ வாங்கித் தரணும்." சொல்லிவிட்டு நாத்தனார் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

கிளம்பும்போது இடி சொன்னார்: "சனிக்கிழமை வந்துதான் சொல்லணும்னு இல்ல. மேசை உன்னுதுதான். எட்டு மணிக்கு வந்துடு."

தாமதமாக வீடு சேர்ந்ததும் அக்கா வெளிறிப்போய்க் கதவைத் திறந்தாள். நான் அக்கா, மாமாவோடுதான் இருக்கிறேன்.

"என்னாச்சும்மா?"

"நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்க்கா. ஒரு மணி நேரம் திட்டு."

"உன்னைப் போயா? யாரு அந்த ஆளு? நாளைக்கே நான் வந்து கேக்கறேன்."

"ஒண்ணும் கேக்க வேண்டாம். வேலை எனக்குத்தான்." நடந்ததையெல்லாம் சொன்னேன். அக்கா அழுதாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நோய் வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை. நான் எதைப் போட்டு உடைத்தாலும் "பரவாயில்லம்மா" என்பாள். நானும் வீட்டில் எது தப்பாகப் போனாலும் யாரும் கேட்கும் முன்பே "நான்தான்" என்று ஒத்துக்கொள்வேன்.

"நீயும் ஒரு தடவை திட்டேன்க்கா" என்றேன்.

"உன்னை எதுக்குத் திட்டணும்?"

"யோசிச்சுப் பாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "ஈரத் துண்டை ஏன் கட்டில்ல போடற?" என்றாள் மெதுவாக. என் முகம் வாடவில்லை என்று பார்த்ததும் கொஞ்சம் துணிச்சல் வந்தது. "என் நல்ல கத்தரிக்கோலால அட்டைப்பெட்டி வெட்டினது யாரு? மழுங்கிப்போச்சு. குளிக்கப் போனா அரை மணி நேரம். காலி டப்பாவைத் திரும்பத் திரும்ப ஃபிரிட்ஜுக்குள்ள வைக்கறது யாரு? கேக்கக் கூடாதுன்னு எத்தனை வருஷமா அடக்கி வச்சிருக்கேன் தெரியுமா?" இப்போது மூச்சு வாங்கியது. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

வழக்கம்போல "நான்தான்" என்று வாய் திறந்தேன். பாதியில் நிறுத்தினேன்.

"துண்டு நான். கத்தரிக்கோல் நான். குளியலும் நான்தான்" என்றேன். "காலி டப்பா நான் இல்லக்கா. அது மாமா."

அக்கா என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். அப்புறம் உள்ளறைப் பக்கம் திரும்பி, இடியே தோற்றுப்போகிற குரலில் மாமாவைக் கூப்பிட்டாள்.