பிரேக் எங்கே இருக்கிறது?

"உங்களைப் பராமரிக்கிறதுக்கான தொகை ஏற்கெனவே உங்க தம்பிக்குப் போகுதேம்மா. அஞ்சு வருஷமா."

அரசு அலுவலகப் பெண் போனில் அன்பாகத்தான் சொன்னாள். நெரிடாவுக்கு ரத்தம் கொதித்தது.

கரும்புத் தோட்டத்தில் டிராக்டர் கவிழ்ந்து கால் இரண்டும் போனதிலிருந்து, அவளைத் தூக்கிக் குளிப்பாட்டிச் சக்கர நாற்காலியில் உட்காரவைப்பவள் பக்கத்து வீட்டு க்ளெனிஸ். சும்மாதான். இனி கட்டுப்படியாகாது, டவுன்ஸ்வில் நகரத்துக்கு வேலைக்குப் போகிறேன் என்று அவள் அழுதபோதுதான், இவளுக்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்க நெரிடா போனை எடுத்தாள்.

தம்பி டார்சி கிறிஸ்துமஸுக்கு வந்து இறாலைத் தின்றுவிட்டுப் போகிறவன். விபத்தான புதிதில், அரசுப் படிவமெல்லாம் நானே எழுதிக்கொடுக்கிறேன் என்று கையெழுத்து வாங்கிப்போனவனும் அவன்தான். க்ளெனிஸுக்கு ஏதும் கிடைக்குமா என்று முன்பொருமுறை கேட்டதற்கு, "எல்லாம் உன் பென்ஷன்லயே அடக்கம்க்கா" என்றான்.

அடக்கமாவது மண்ணாவது! அலுவலகப் பெண் பிரித்துச் சொன்னாள். மாற்றுத்திறனாளி பென்ஷன் நெரிடாவுக்கு. பராமரிப்புத் தொகை, தினமும் கூட இருந்து பார்த்துக்கொள்கிறவருக்கு. அதற்கு மேல் ஒரு சின்னப் படி, அதுவும் அவருக்கே. பாவி இரண்டையும் விழுங்கியிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை, புல்தரையில் பந்து உருட்டி விளையாடுகிற பவுல்ஸ் கிளப்பில், ஒரு தட்டு இறைச்சியைப் பரிசாகத் தரும் சீட்டுக் குலுக்கல். ஊரே அங்கேதான் இருக்கும். க்ளெனிஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வாசலை ஒட்டிய மாற்றுத்திறனாளிகள் இடத்தில் டார்சியின் வண்டி நின்றது. கண்ணாடிக்குள்ளே, தொலைந்துபோனதாக அவன் சொன்ன நெரிடாவின் பார்க்கிங் அட்டை. இதையுமா என்று அவள் பல்லைக் கடித்தாள்.

உள்ளே போனதும் கத்தினாள். "டார்சி! என்னை டாய்லெட்டுக்குக் கூட்டிட்டுப் போடா."

பியர் கிளாஸோடு அவன் திரும்பினான். "க்ளெனிஸ் இருக்காளேக்கா."

"அவளுக்கென்ன வந்துச்சு? என்னப் பாத்துக்கன்னு அரசாங்கம் குடுக்கிறது உனக்குத்தானே? அஞ்சு வருஷமா வாங்குறியே!"

எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த பெவன் மைக்கைத் தாழ்த்தினான். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று டார்சி ஓடிவந்து நாற்காலியைத் தள்ளினான். அது நகரவில்லை. மூச்சைப் பிடித்துத் தள்ளினான். நெரிடா குலுங்கினாள், அவ்வளவுதான்.

"பிரேக் எங்க இருக்குன்னு கூடத் தெரியாதாடா உனக்கு?"

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவனோடு குடித்துக்கொண்டிருந்தவர்கள் நாற்காலிகளைத் திருப்பிப்போட்டு அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். நெரிடாவுக்கு வயிறு குளிர்ந்தது.

டார்சி அவள் பக்கத்தில் மண்டியிட்டு முணுமுணுத்தான். "அக்கா, உன் கால்ல விழறேன். ஆபீஸ்ல மட்டும் சொல்லிடாத. க்ளெனிஸ் பேருக்கே மாத்திக் குடுத்துடறேன்."

"காலையிலயே சொல்லியாச்சு. க்ளெனிஸுக்கு மனுவும் போட்டாச்சு. நீ வாங்கினதத் திருப்பிக் கேப்பாங்களாம்."

"அப்புறம் இங்க வந்து என்னை ஏன் அசிங்கப்படுத்தற?"

"இது எனக்காகடா. பிரேக் இடது பக்கம் கீழ இருக்கு. எடுத்துட்டுத் தள்ளு. எனக்கு நெஜமாவே அவசரம்."