கடுகளவு வெள்ளை

என் தம்பி ஒரு போல்ட்டை முறுக்கி முடித்தால் அதன் தலையில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பான். தீக்குச்சி முனையில் தொட்டு, கடுகளவு. பாதி போல்ட்டின் மேல் விழும், பாதி அது உட்கார்ந்திருக்கிற இரும்பின் மேல் விழும். பின்னால் போல்ட் தளர்ந்தால் பொட்டு இரண்டாகப் பிளந்து காட்டிக்கொடுத்துவிடும். பொட்டு இருந்தால் முறுக்கியாயிற்று, இல்லாவிட்டால் இல்லை. நான் மாடியில் துணி தைக்கிறவள். தைத்து முடித்ததும் நூலில் முடிச்சுப் போடுகிற மாதிரிதான் இது என்று எனக்குச் சுலபமாகப் புரிந்தது.

அவன் வேலை பார்த்த பஸ் டிப்போவில் அவனுக்குப் பெயரே பொட்டுதான். பொட்டு பார்த்த வண்டி என்றால் டிரைவர்கள் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டு போவார்களாம். வீட்டிலும் அந்தப் பைத்தியம் அவனை விடவில்லை. மின்விசிறி, கட்டில் கால், என் தையல் மெஷின், எங்கே போல்ட் இருந்தாலும் தலையில் ஒரு கடுகு. நான் வாயை மூடினால் அதன் மேலும் ஒன்று வைத்திருப்பான். அதற்கு நான் சந்தர்ப்பமே கொடுத்ததில்லை.

அவன் மனைவி நர்ஸ். தெருவுக்கே அவள் சிஸ்டர். ஊசி என்றால் ஓடுகிற ஆளும் அவளிடம் கையை நீட்டுவான். இருவரும் கீழே, நான் மேலே. குழந்தைகள் இல்லை. அந்தக் குறையை அவர்கள் பேசி நான் கேட்டதில்லை, நானும் அதைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை.

அந்தச் சமயத்தில் இருவருக்கும் பேச்சு வார்த்தை நின்றுபோயிருந்தது. அவள் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். கூட இருக்கிறேன் என்று சொன்ன மனுஷன், எங்கேயோ ஒரு பஸ் நடுரோட்டில் நின்றுவிட்டது என்று கிளம்பிப் போய், எல்லாம் முடிந்த பிறகு கை நிறைய கிரீஸோடு ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றான். அந்தப் பஸ்ஸையே கட்டிக்கொண்டு குடும்பம் நடத்தச் சொல்லிவிட்டு அவள் வாயை மூடியவள்தான். அதற்குப் பிறகு எல்லாம் என் மூலமாக நடந்தது. அவன் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான், அவள் படிக்கட்டில் பாதி ஏறி வந்து, "அண்ணி, பால் தீந்துடுச்சுன்னு உங்க தம்பிகிட்ட சொல்லுங்க" என்பாள். நான் மாடியிலிருந்து கத்துவேன். அவன் கீழிருந்து சரி என்பான். தபால் ஆபீஸ் வைத்துப் பிழைக்கலாம் போலிருந்தது.

மன்னிப்புக் கேட்க அவனுக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என்னோடு சண்டை போட்டால் என் சைக்கிளுக்குக் காற்று அடித்து வைப்பான், அதுதான் அவன் மன்னிப்பு. அதனால் ஒரு விடுமுறை நாள் காலையில் அவள் காரை வாசலில் நான்கு ஸ்டாண்டு மேல் தூக்கி வைத்துக்கொண்டு, சக்கரங்களைக் கழற்றி வரிசையாகச் சுவரில் சாய்த்ததைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. சமாதானத் தூது கிளம்பியாயிற்று.

பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து என்னடா பண்ணுகிறாய் என்று கேட்டேன். பிரேக் காலிப்பருக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிக்கப்போகிறானாம். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு இரும்புத் தட்டு சுற்றுகிறது அல்லவா, பிரேக்கை மிதித்தால் அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்புக் கட்டி அது. துருவும் தூசியுமாக, பார்க்கச் சகிக்காத ஒரு சாமான். அதற்கு அலங்காரமா என்று நான் ஆரம்பித்தேன், பிறகு ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். ரொம்ப நாளைக்கு முன்னால், சண்டைக்கெல்லாம் முன்னால், மூன்று பேரும் காரில் போனபோது சிக்னலில் பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. அதன் சக்கரத்துக்குள்ளே சிவப்பாகத் தெரிந்தது. எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள் அண்ணி என்று அவள் என்னிடம் சொன்னாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் காதில் வாங்கி வைத்திருக்கிறான், அழுத்தக்காரன்.

காலை முழுக்க வேலை நடந்தது. காலிப்பரைக் கழற்றினான். பிரேக் ஆயில் போகிற ரப்பர் குழாயில் அதன் பாரம் விழக்கூடாது என்று ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டான். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான், உப்புத்தாளால் தேய்த்தான், ஏதோ ஒரு திரவத்தை ஊற்றிக் கழுவினான். ரப்பர் இருக்கிற இடத்திலெல்லாம் பேப்பர் டேப் ஒட்டி, தட்டின் மேல் பழைய பிளாஸ்டிக் பையைச் சுற்றினான். அப்புறம் சின்ன பிரஷ்ஷால் சிவப்பு. காய்ந்ததும் மறுபடியும் சிவப்பு. ஒரு சொட்டு வழியவில்லை. கைக்குழந்தைக்கு மருந்து தடவுகிற மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு அடித்தான். என் பிளவுஸ் வெட்டில் நான்கூட அவ்வளவு கவனம் காட்டமாட்டேன், வாடிக்கையாளர்கள் மன்னிக்கட்டும்.

பெயிண்ட் காய்ந்த பிறகு திரும்ப மாட்டினான். ஒவ்வொரு காலிப்பரிலும் இரண்டு போல்ட்டையும் கையால் நாலு சுற்று சுற்றி உட்கார வைத்து, பிறகு ஸ்பானரால் முறுக்கி, பிறகு பொட்டு. மூன்று சக்கரம் அப்படியே முடிந்தது. கடைசியாக முன்பக்கத்து இடது சக்கரம். கையால் போல்ட்டைச் சுற்றிக்கொண்டிருந்தபோது டிப்போவிலிருந்து போன். எந்தப் பஸ்ஸுக்கோ காய்ச்சல். வாசலில் சிக்னல் சரியாகக் கிடைக்காது, பேசிக்கொண்டே உள்ளே போனான். நான் துணி உலர்த்தப் பால்கனிக்கு வந்தேன்.

அப்போதுதான் அவள் வெளியே வந்தாள். டியூட்டிக்குக் கிளம்புகிற உடையில் இருந்தாள், தலை இன்னும் ஈரம். கார் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பார்த்தாள். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் அவள் முகம் மாறியதை நான் மேலிருந்து பார்த்தேன். கடைசிச் சக்கரத்துக்கு வந்தபோது புடவை தரையில் படாமல் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், வெள்ளைப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தாள், அதில் பிரஷ்ஷைத் தொட்டு இரண்டு பொட்டு வைத்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு வைத்தாள். வைத்துவிட்டுத் தானாகச் சிரித்தாள். அவன் முறுக்கிவிட்டு, பொட்டு வைக்கிற வேலையை அவளிடம் விட்டிருக்கிறான், ஒன்றாக வேலை செய்கிறார்கள் என்று நினைத்தேன். தபால் ஆபீஸை இழுத்து மூடலாம் என்று சந்தோஷமாகத் துணியை உதறிப் போட்டேன்.

அந்த வாரம் முழுக்க அவள் அந்தக் காரில்தான் வேலைக்குப் போய் வந்தாள். கீழே பேச்சுச் சத்தம் கேட்டது, ஒரு தடவை சிரிப்பும் கேட்டது. வாரக் கடைசியில், மேம்பால இறக்கத்தில், முன்பக்கத்து இடது காலிப்பர் ஒரு பக்கம் கழன்று சுழன்று சக்கரத்துக்குள் சிக்கிக்கொண்டது. கார் சுழன்று தடுப்புச் சுவரில் மோதியது, பின்னால் வந்த லாரியால் நிறுத்த முடியவில்லை. அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். கூட வேலை செய்தவர்கள்தான் அவள் முகத்தை மூடினார்கள்.

வண்டியைப் பரிசோதித்த இன்ஸ்பெக்டர் அதைச் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். இரண்டு போல்ட்டில் ஒன்று காணோம். மற்றது பாதி கழன்ற நிலையில் இருக்கிறது, அதன் தலையில் வெள்ளைப் பொட்டு, இரண்டாகப் பிளந்து. இது யார் மாட்டியது என்று கேட்டார். தம்பி முன்னால் வந்து, "நாந்தாங்க. முறுக்காமயே பொட்டு வெச்சுட்டேன்" என்றான்.

அவன் வைக்கவில்லை. வைத்தது யார் என்று என் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன். ஆனால் பக்கத்தில் அவள் அம்மா நின்றாள், ஆபரேஷன் செய்த வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. அந்த அம்மாள் தம்பியைப் பார்த்து, என் மகளைக் கொல்ல உனக்கு ஒரு பொட்டு போதுமாகிவிட்டதா என்று கேட்டாள். சத்தம் போடவில்லை, கேட்டாள், அவ்வளவுதான். அவளை வைத்துக்கொண்டு உன் மகள்தான் வைத்தாள் என்று எந்த நாக்கால் சொல்வது? என் நாக்குக்கே வரவில்லை.

டிப்போவில் அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அவன் பொட்டு வைத்த பஸ் எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தி மறுபடி பார்த்தார்களாம். ஒரு போல்ட்கூடத் தளரவில்லை. ஆனால் விபத்து விசாரணையில் கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் வழக்கு வரும், வேலையும் போய்விடும். தம்பியோ சாப்பாட்டைத் தொடவில்லை. கைகளை மடியில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தன் கை தனக்கே பொய் சொல்லிவிட்டது என்று நினைத்து உள்ளே அழுகிறான் என்று நான் முடிவு கட்டினேன். அவன் ஏதாவது செய்துகொள்வானோ என்று பயந்து மாடிக்குப் போகாமல் கீழேயே படுத்துக்கொண்டேன். அவனை மீட்கிற மருந்து என் வாயில் இருக்கிறது, சொன்னால் பாதிப் பழியாவது இறங்கும், விசாரணையிலும் நானே சாட்சி சொல்லலாம். விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் அவன் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். நீ போன் பேச உள்ளே போனாய், அவள் வந்தாள், உட்கார்ந்தாள், வைத்தாள், நான் பார்த்தேன். நீ பொட்டு வைக்கவில்லை, உன் கை தப்புச் செய்யவில்லை. சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்க்கா" என்றான்.

எனக்குப் புரியவில்லை. இன்ஸ்பெக்டர் காட்டியதைப் பார்த்துத் தெரிந்துகொண்டாயா என்று கேட்டேன். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"அன்னிக்கே தெரியும். போன் பேசிட்டு வந்து பாத்தேன். மிளகு சைஸுக்கு ரெண்டு பொட்டு. நான் அவ்வளவு பெருசா வெக்கமாட்டேன். அவ வெச்சதுன்னு பாத்ததுமே தெரிஞ்சுது. பக்கத்துல ஒரு டம்ளர் டீ இருந்துச்சு. உள்ள இருந்து, ஆறிடும் குடிங்கன்னா. என்கிட்டயே சொன்னா, உன் மூலமா இல்ல."

மடியிலிருந்த கைகளைத் திருப்பி வைத்தான்.

"டிப்போல வேற ஒருத்தன் பொட்டு வெச்சிருந்தா நான் நம்பவே மாட்டேன். திரும்ப ஸ்பானரைப் போட்டுப் பாப்பேன். அன்னிக்கு அந்தப் பொட்டைப் பாத்ததும் எனக்குச் சந்தோஷம் வந்துடுச்சுக்கா. அவ பக்கத்துல வந்து உக்காந்திருக்கா, என் வேலையில கை வெச்சிருக்கான்னு. அந்தச் சந்தோஷத்துலயே டீயைக் குடிச்சுட்டு சக்கரத்தைத் தூக்கி மாட்டிட்டேன். ஸ்பானர் ஞாபகமே வரல."

அவளுக்கு அந்தப் பொட்டு எதற்கு என்று தெரியாதா என்று கேட்டேன்.

"உனக்குச் சொல்லிருக்கேன். டிப்போல எல்லாருக்கும் சொல்லிருக்கேன். அவ ஒரு தடவை கேட்டா, அது என் வேலை விஷயம், உனக்கெதுக்குன்னுட்டேன். அழகுக்கு வெக்கறேன்னு நெனச்சிருப்பா."

அதற்கு மேல் அவன் ஒன்றுதான் சொன்னான். அவள் அம்மாவுக்கு இது தெரியக்கூடாது. மகளை மருமகன் கொன்றான் என்றால் திட்டித் தீர்க்க ஒரு ஆள் இருக்கிறான். மகள் கையே என்றால் அந்த அம்மாள் யாரைத் திட்டுவாள் என்று கேட்டான். மருந்து என்று ஒரு மாதமாக வாயில் அடக்கி வைத்திருந்ததை அவன் முதல் நாளே குடித்துவிட்டிருந்தான்.

மறுநாள் விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், ஒரு ஓரத்தில் நான், மறு ஓரத்தில் அவள் அம்மா. கதவைச் சாத்தவில்லை. உள்ளே அதிகாரி போல்ட்டின் போட்டோவை மேஜைமேல் தள்ளி, இந்தப் பொட்டு யார் வைத்தது, நன்றாகப் பார்த்துச் சொல் என்று கேட்டார். தம்பி அதைக் கையில் எடுத்தான். சீக்கிரம் திருப்பிக் கொடுக்கவில்லை. கட்டைவிரலால் அந்த வெள்ளையை ஒரு தடவை தடவிப் பார்த்தான்.

"என் கைதாங்க" என்றான்.

அவள் அம்மா என் பக்கம் திரும்பி, கேட்டாயா உன் தம்பி சொன்னதை என்றாள். தெருவில் ஒருத்தர் விடாமல் பதில் சொல்லியே பழகிய என் வாயைப் பார்த்துக் கேட்டாள். கேட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.