தோற்கப்போகிறவரின் வாதம்

மாநிலச் செனட்டர் டாரத்தி டெர்ஹூன் கையெழுத்துப் போட்டால்தான் ஆரம் சகாரியன் நியூ ஜெர்சி மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்தில் உட்கார முடியும். சட்டத்தில் அப்படி ஒரு வரியும் கிடையாது. வழக்கம், அவ்வளவுதான். ஆளுநர் ஒருவரை நீதிபதியாக முன்மொழிந்தால், அவருடைய சொந்த மாவட்டத்துச் செனட்டர்கள் ஒரு நீலச் சீட்டில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் செனட் குழு விசாரணைக்கே கூடாது. ஏன் அனுப்பவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்பது மரியாதையில்லை.

அந்த மாவட்டத்தின் இன்னொரு செனட்டர் சீட்டு கிடைத்த அன்றே அனுப்பிவிட்டார். டாரத்தியின் சீட்டு மட்டும் கைப்பையில் மூக்குக் கண்ணாடிக்கும் மாத்திரைப் பெட்டிக்கும் நடுவே கிடந்து ஓரம் மடங்கிப் போயிருந்தது.

பிப்ரவரி மாதத்தின் ஒரு காலை, சாமர்வில்லில் இருந்த அவருடைய அலுவலகத்துக்குள் ஷூவில் ஒட்டிய பனியை உதறிக்கொண்டே வந்தார் வின்ஸ் ஸ்கார்பாட்டி. மாவட்ட ரிபப்ளிகன் கட்சித் தலைவர். டாரத்தியை முதன்முதலில் தேர்தலில் நிறுத்தியவரும், பெயரைச் சுருக்கி 'டாட்' என்று கூப்பிடுபவரும் அவர்தான். கையில் டோனட் பெட்டி. வழியிலேயே ஒன்றைத் தின்றிருந்தது மீசையில் தெரிந்தது.

"என்ன டாட், இன்னுமா யோசனை? முட்டை மேல உக்காந்த கோழி மாதிரி அந்தச் சீட்டு மேல உக்காந்திருக்க."

"நீதானே உக்காரச் சொன்ன."

"உக்காரத்தான் சொன்னேன். குஞ்சு பொரிக்கவா சொன்னேன்?"

டாரத்திக்குச் சிரிப்பு வந்தது. வின்ஸ் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கணக்கு உனக்குத் தெரியும். ஏழு நாற்காலி. எந்தக் கட்சி ஆண்டாலும் ஒரு பக்கம் நாலு, இன்னொரு பக்கம் மூணு. இப்ப நாலு அவங்களோடது. காலியானது நம்ம ஆளோட இடம். இவனைப் போட்டா அஞ்சு–ரெண்டு. சகாரியன் டெமாக்ரட்."

"அவர் எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும் போனதில்ல வின்ஸ்."

"வாக்காளர் பட்டியல்ல என்ன போட்டிருக்கு? டெமாக்ரட்டுன்னு போட்டிருக்கு. நான் எழுதலையே!"

அதுவும் உண்மைதான். அது எப்படி நடந்தது என்பதும் ஊருக்கே தெரியும். சகாரியன் வழக்கறிஞராக இருந்த காலத்தில், பக்கத்து வீட்டுக்காரர் டெமாக்ரட் கட்சி சார்பில் ஒரு மாவட்டப் பதவிக்கு நிற்கப் பார்த்தார். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலுக்குப் போய் சகாரியன் அவருக்கு ஒரு ஓட்டுப் போட்டார். எந்தக் கட்சியும் இல்லாதவர் அப்படி ஒருமுறை போட்டால், அன்றிலிருந்து பட்டியலில் அந்தக் கட்சிக்காரர். பக்கத்து வீட்டுக்காரர் தோற்றார், வேறு ஊருக்கும் போய்விட்டார். பட்டியலில் இருந்தது அப்படியே இருந்துவிட்டது.

"ஒரு வழி இருக்கு," என்றார் வின்ஸ், குரலைத் தாழ்த்தி. "படிவத்துல ஒரு கையெழுத்துப் போட்டுக் கட்சிய மாத்திக்கச் சொல்லு. இன்னைக்கு அவர் அதுல போடட்டும், நாளைக்கு நீ இதுல போடு. நாலு–மூணு. பத்திரிகைக்காரனும் வாயை மூடிப்பான். எனக்கும் ஆட்சேபணை இல்ல."

"மாத்தலைன்னா?"

"மாத்தலைன்னா ஜூன்ல உட்கட்சித் தேர்தல் வருது. உன்னை எதிர்த்து நிக்க ஆள் கிடைக்காம போயிடாது." பெட்டியை டாரத்தி பக்கம் தள்ளினார். "நான் ஆசையா சொல்லல டாட். எடுத்துக்கோ, பாதாம் வெச்சது."

அவர் போன பிறகு டாரத்தி டோனட்டைத் தொடவில்லை. சில வருடங்களுக்கு முன், சொந்தக் கட்சி ஆளுநரே இந்த நாலு–மூணு வழக்கத்தை உடைக்கப் பார்த்தபோது, அந்தக் கட்சியிலிருந்து செனட்டில் எழுந்து நின்று எதிர்த்தவர் அவர் ஒருவர்தான். வழக்கம் பிழைத்தது. அதற்காகவே அவரை மதிப்பவர்கள் இரண்டு கட்சியிலும் உண்டு. ஆனால் ஒரு படிவத்தில் பேனா ஓடினால் நாலு–மூணு, ஓடாவிட்டால் அஞ்சு–ரெண்டு என்றால், அன்று தான் காப்பாற்றியது எதை என்று இப்போது அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மறுநாள் பின்னல் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, இப்போது கீழ் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சகாரியனின் நீதிமன்றத்தில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். சொல்லாமல்தான் போனார்.

வழக்கு ஒரு தேவாலயத்தைப் பற்றியது. குளிர்காலத்தில் வீடற்றவர்கள் தூங்க அதன் அடித்தள அறையைத் திறந்துவிட்டிருந்தார் பாதிரியார். எதிர்த்து வழக்குப் போட்டவர் பக்கத்துத் தெரு பிளம்பர் வால்ட் கோசியக். வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. வாதம் முடிந்ததும் சகாரியன் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. மெலிந்த மனிதர். நரைத்த புருவம், தணிந்த குரல். கோசியக்கை நேராகப் பார்த்தார்.

"மிஸ்டர் கோசியக், நீங்க சொன்னதை நான் ஒருதடவை சொல்றேன். தப்பிருந்தா நிறுத்துங்க. உங்களுக்கு ஏழைங்க மேல கோபம் இல்ல. இது வீடுங்க மட்டும் இருக்கிற தெருங்கிற ஊர் விதியை நம்பி வீடு வாங்கினீங்க. அந்த விதிய மாத்துறப்ப உங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. உங்க பொண்ணு ராத்திரி வேலை முடிஞ்சு அந்த வழியாத்தான் நடந்து வரா. பயப்படறது உங்க உரிமை, அதுக்கு உங்களைக் கெட்டவன்னு சொல்றது நியாயமில்ல. சரியா சொன்னேனா?"

கோசியக் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "பார்க்கிங்கை விட்டுட்டீங்க, யுவர் ஆனர்."

"மன்னிக்கணும்." சகாரியன் குறித்துக்கொண்டார். பார்க்கிங் பிரச்சினையையும் சேர்த்து, மொத்தத்தையும் முதலிலிருந்து திரும்பச் சொன்னார். "இப்ப சரியா?"

"சரி."

அதன் பிறகு கோசியக்குக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார். ஏன் என்பதை அவரைப் பார்த்தே சொன்னார். பாதிரியார் பக்கம் திரும்பக்கூட இல்லை.

தாழ்வாரத்தில் டாரத்திக்கு முன்னால் கோசியக்கும் மனைவியும் போய்க்கொண்டிருந்தார்கள்.

"என்ன ஆச்சு?" என்றாள் மனைவி. அவளுக்குக் காது சற்று மந்தம்.

"தோத்துட்டேன்."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு!"

"அட, வா. அந்த ஆளுக்கு நான் சொன்னது புரிஞ்சுது," என்று கோசியக் கோட்டுப் பொத்தானைப் போட்டார்.

அந்த வாரமே சகாரியன் டாரத்தியைச் சந்திக்க நேரம் கேட்டார். முன்மொழியப்பட்டவர் செனட்டரை நேரில் பார்ப்பதும் வழக்கம்தான். நெடுஞ்சாலை ஓரத்து டைனரில் ஜன்னல் மேஜையில் உட்கார்ந்தார்கள். பரிமாறும் ரீனி பேனாவைக் காதில் செருகியபடி வந்தாள்.

"இங்க எல்லாரும் கேக்கிறது பன்றி இறைச்சி, முட்டை, சீஸ் சாண்ட்விச். ஜட்ஜ், நீங்க அந்த இறைச்சிய டெய்லர் ஹாம்னு சொல்வீங்களா, போர்க் ரோல்னு சொல்வீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. இந்தக் கடையில இதுக்காக அடிதடியே நடந்திருக்கு."

சகாரியன் உணவுப் பட்டியலில் இருந்த படத்தைத் தொட்டுக் காட்டினார். "இது ஒண்ணு குடுங்க."

"அட! பேரைச் சொல்ல மாட்டீங்களா?"

"ரெண்டு பேரையும் சொல்றவங்க என் முன்னாடி வழக்கோட வந்து நிப்பாங்கம்மா."

ரீனி டாரத்தியைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனாள். காபி வந்தது. டாரத்தி சுற்றி வளைக்கவில்லை.

"ஜட்ஜ், படிவத்துல ஒரு கையெழுத்து. கட்சி இல்லாதவர்னு மாத்திக்கிட்டாக்கூடப் போதும். ஆளுநர் ஆளுங்களும் கேட்டிருப்பாங்களே?"

"மூணு தடவை கேட்டாங்க. ஒரு அம்மா அழுதே காட்டினாங்க."

"என்ன பிடிவாதம்?"

"பிடிவாதம் இல்ல செனட்டர். அந்தக் கட்சிப் பேர் இருந்தாலும் நான் இதே ஆள்தான், இல்லாட்டியும் இதே ஆள்தான். மாறப்போறது கணக்கு மட்டும். இந்த நாற்காலிக்காகக் கணக்கை மாத்தினேன்னா, நாளைக்கு எங்கிட்ட தோத்துப்போற ஒவ்வொருத்தரும் கேப்பாங்க, வேற எதுக்காக இவன் எதை மாத்துவான்னு. அவங்களுக்கு என்ன பதில் சொல்ல?"

டாரத்தி காபிக் கோப்பையைச் சுற்றினார். "அப்ப நான் கையெழுத்துப் போடக் கூடாதுங்கிற வாதத்தை நீங்களே சொல்லுங்க. என் கட்சிக்காரங்க என்ன சொல்றாங்க?"

சகாரியன் சாண்ட்விச்சைத் தட்டில் வைத்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டார். மெதுவாகச் சொன்னார். ஒரு நீதிபதி நல்லவர் என்பதற்காக வழக்கத்தை மீறினால், அடுத்த ஆளுநர் ஒரு மோசமான ஆளைக் கொண்டுவந்து இவரும் நல்லவர்தான் என்பார். நல்லவர் யார் என்று அளக்க அளவுகோல் இல்லை; கட்சி யார் என்று எண்ண முடியும். எண்ணக்கூடிய விதி குருட்டு விதிதான், ஆனால் அதை யாரும் ஏமாற்றிப் பேச முடியாது. சொந்தக் கட்சியை எதிர்த்தே இந்த வழக்கத்தைக் காப்பாற்றியவர் இன்று விட்டுக்கொடுத்தால், இனி அதைக் காப்பாற்ற ஆளே இருக்காது.

"சரியா சொன்னேனா?" என்றார்.

வின்ஸ் மூன்று வாரமாகச் சொல்லாததை இந்த மனிதர் மூன்று நிமிடத்தில் சொல்லிவிட்டார். அதுவும் தனக்கு எதிராகவே.

"இதுக்கு உங்க பதில் என்ன?"

"எங்கிட்ட முழுப் பதில் இல்ல. அதனாலதான் கையெழுத்து உங்க கையில இருக்கு." அவர் சாண்ட்விச்சை மறுபடி எடுத்தார். ஆறிப்போயிருந்தது. அப்படியே தின்றார்.

திங்கட்கிழமை டாரத்தி வின்ஸைத் தொலைபேசியில் அழைத்தார். "நான் அனுப்பப்போறேன். அதுக்கு முன்னால உன் பக்கத்தைச் சொல்றேன், கேளு." டைனரில் கேட்டது அத்தனையையும் சொல்லி முடித்தார். "சரியா?"



"ஒண்ணு விட்டுட்ட," என்றார் வின்ஸ். குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. "பயம். நம்ம ஆளுங்க ஏற்கெனவே எதையும் நம்புறதில்ல டாட். பேப்பரை நம்புறதில்ல, ஓட்டு எண்ணுறதை நம்புறதில்ல. அஞ்சு–ரெண்டுன்னு காதுல விழுந்தா கோர்ட்டையும் விட்டுடுவாங்க. நான் வீடு வீடாப் போறவன். அந்த மூஞ்சிங்களைப் பாக்கப் போறது நான்தான், நீ இல்ல."

டாரத்தி அதை எழுதிக்கொண்டார். மடங்கிய ஓரத்தை நகத்தால் நீவிவிட்டு, நீலச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

மாநிலத் தலைநகர் டிரென்டனில் செனட் குழு கூடியபோது அறை நிரம்பியிருந்தது. கையெழுத்துப் போட்ட செனட்டர் காரணம் சொல்வது வழக்கமில்லை. குழுவிலும் ஒருவரான டாரத்தி ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார். முதலில், கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது என்பதற்கான காரணங்களைச் சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை. கடைசியாக, வீடு வீடாகப் போகும் ஒரு நண்பரின் பயத்தைப் பெயர் சொல்லாமல் சொன்னார். எதிர்க்கத் தயாராக வந்திருந்த இரண்டு பேர் தங்கள் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார்கள்.

"இதுக்கெல்லாம் எங்கிட்ட முழுப் பதில் இல்லை," என்றார். "ஆனா இவர் முன்னால தோத்துப்போன ஒரு பிளம்பரை நான் பார்த்தேன். அவர் நிமிர்ந்து நடந்து போனார். நாம நாலு–மூணுன்னு எண்ணுறதே தோக்கறவங்க அப்படி நடந்து போகணும்னுதான்னு நெனைக்கிறேன். தப்பா இருந்தா, தப்பு என்னோடது."

சாட்சி மேஜையில் சகாரியன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். குழு அவரை ஏற்றது. டாரத்தியின் கட்சியிலிருந்து ஆதரவாக விழுந்தது டாரத்தியின் ஓட்டு மட்டும்தான்.

வெளியே படிக்கட்டில் வின்ஸ் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு நின்றார்.

"ஜூன்ல ஆள் நிறுத்தறேன்."

"தெரியும்."

"நல்ல ஆளா நிறுத்துவேன்."

"நிறுத்து. உள்ள நான் சொன்னது சரியா இருந்துச்சா?"

வின்ஸ் பனியைப் பார்த்தார், கார் சாவியைப் பார்த்தார்.

"சரியாத்தான் சொன்ன," என்றார். "அதான் எரிச்சலா வருது. வா, வண்டியில விட்டுடறேன், வழுக்குது."