பதக்கங்கள்: இல்லை

வெள்ளத்துரை பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு பக்கம் அவருக்கு மனப்பாடம். ‘பெற்ற வீரப் பதக்கங்கள்’ என்று இங்கிலீஷில் அச்சடித்து அதில் ஒரு கட்டம் போட்டிருக்கும். எவனோ ஒரு குமாஸ்தா, சாப்பாட்டுக்குக் கிளம்புகிற அவசரமோ என்னவோ, அந்தக் கட்டத்துக்குள் ‘இல்லை’ என்று எழுதி முத்திரையும் குத்திவிட்டான். அந்த ஒரு வார்த்தையைத் திருத்துவதற்காக அவர் ஆறு வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தார்.

பர்மாச் சண்டையில் கோவேறு கழுதைகளில் சாமான் கொண்டுபோகும் கம்பெனியில் இருந்தவர் அவர். ஒரு காட்டாற்றைக் கடக்கும்போது எதிர்க்கரையிலிருந்து ஜப்பான்காரன் சுட்டான். கழுதைகள் வெள்ளத்தோடு போயின. அடிபட்டுக் கிடந்த இரண்டு பேரை ஒருவர் பின் ஒருவராக முதுகில் தூக்கிக் கரை சேர்த்தார். இரண்டாவது ஆளைத் தூக்கி வரும்போது இவர் தொடையில் குண்டு பாய்ந்தது. ஆஸ்பத்திரிக்கே வந்து கை கொடுத்த கேப்டன் துரை, வீரப் பதக்கத்துக்கு எழுதியாகிவிட்டது, வெள்ளிப் பதக்கம் தபாலில் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். சீமையில் எந்த ஊர் என்றுகூடத் தெரியாது.

பதக்கக்காரர்களுக்குத் தரிசு நிலம் கிடைக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. ஆனால் வெள்ளத்துரைக்கு நிலம்கூடப் பெரிதில்லை. தாங்கித் தாங்கி நடந்து ஆடு மேய்க்கிற மனிதர், ஆற்றுக் கதையைச் சொல்லும்போது மட்டும் நிமிர்ந்து உட்காருவார். கேட்கிறவன் கடைசிவரை கேட்டுவிட்டு, ‘சரி, பதக்கத்தை எடும், பாப்போம்’ என்பான். அதோடு அவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். நாளாக ஆக, அவர் வருவதைப் பார்த்தாலே நாலு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்கள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊர், அவல் கிடைத்த மாதிரி அவரை மென்றது.

பதக்கம் வந்தது என்பது இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அது அவர் பெண்டாட்டி பேச்சித்தாய்.

அவர் காயம்பட்டார் என்று ஒரு கடிதாசி வந்து, அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லை. தாலி இருக்கிறதா போய்விட்டதா என்றே தெரியாமல் கட்டியிருந்தாள் பேச்சித்தாய். கோமதி அம்மன் சந்நிதியில் போய் நின்று, ‘ஆள் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு சொல் என் காதில் விழட்டும், உனக்கு வெள்ளி போடுகிறேன்’ என்று நேர்ந்தாள். சங்கரன்கோவிலில் இது புதுசு இல்லை. கண் வலிக்குக் கண், பாம்புப் பயத்துக்குப் பாம்பு, தேள் கடிக்குத் தேள் என்று வெள்ளித் தகட்டில் வாங்கி உண்டியலில் போடுவது எல்லாரும் செய்வதுதான். ஆனால் கடையில் விற்கிற தகடு ஊதினால் பறக்கும். ஒரு முழு உயிருக்கு இந்தத் தகடா என்று அவளுக்கு மனசு கூசியது. கனத்த வெள்ளிக்கு அவள் எங்கே போவாள்? காதில் கிடந்தது வேப்பங்குச்சி.

நாற்பத்தாறாம் வருஷம், அம்மன் கோயில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு முதல் நாள், தபால்காரர் சங்கரசுப்பு வேர்க்க விறுவிறுக்க வந்து ஒரு பாக்கெட்டைக் கொடுத்தார். கைநாட்டு வாங்கிக்கொண்டு, ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, “தாயி, புருசன் பேருக்கே வந்திருக்கு. ஆளு இல்லன்னா அவரு பேருக்கு அனுப்புவானா? ஒண்ணும் பயப்படாத,” என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் கேட்க ஏங்கிய சொல் அதுதான். பாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே உள்ளங்கை நிறைய ஒரு வட்ட வெள்ளி. கல்லுபோலக் கனம். ஒரு பக்கம் ராஜா தலை.

பேச்சித்தாய்க்குச் சந்தேகமே வரவில்லை. சொல்லையும் கொடுத்து, அதற்கு உண்டான வெள்ளியையும் அம்மனே கையில் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்தாள். மறுநாள் தபசுக் கூட்டத்தில் இடிபட்டு மிதிபட்டு உள்ளே போய், வந்த காகிதத்திலேயே அதைப் பொதிந்து உண்டியலில் போட்டாள். அன்றைக்கு ராத்திரிதான் அவள் பல மாதத்துக்குப் பிறகு தூங்கினாள்.

அடுத்த தை மாதம் வெள்ளத்துரை கோலூன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். வந்தவர் செம்புத் தண்ணீரைக் கையில் வாங்கும்போதே கேட்டார்: “ஏட்டி, எம்பேருக்குப் பாக்கெட்டு ஏதும் வந்துதா?” வெள்ளியில் பதக்கம் என்றார், ராஜா தலை போட்டிருக்கும் என்றார். அம்மனுக்குப் போட்ட வெள்ளி அதுதான் என்று பேச்சித்தாய்க்கு அப்போதுதான் புரிந்தது. அவர் கோபம் அவளுக்குத் தெரியும். சொன்னால் அந்தக் காலோடு நேரே கோயிலுக்குப் போய், உண்டியலைத் திற என்று நிற்பார். அம்மனுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால், அம்மன் கொடுத்ததை அவள் திருப்பிக் கேட்க மாட்டாளா? புருஷன் தொடையில் இன்னும் சீழ் வடிந்துகொண்டிருந்தது.

“ஒண்ணும் வரலிய,” என்றாள்.

புண் ஆறியதும் சொல்லலாம் என்று நினைத்தாள். புண் ஆறியபோது அவர் இரண்டு மனு போட்டிருந்தார். பிறகு நாலாயிற்று, எட்டாயிற்று. ஒவ்வொன்றிலும் ‘பதக்கம் என் கைக்கு வரவில்லை’ என்று இருந்தது. அவர் தபாலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குச் சோறு இறங்காது. கோயிலுக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம் பட்டாள ஆபீசிலிருந்து பதில் வந்தது. வெள்ளத்துரை அதைப் பிரிக்காமலேயே மடியில் கட்டிக்கொண்டு, “நீயும் வா பேச்சி, சாட்சிக்கு ஆளு வேணும்னு சொல்லுவான்,” என்று அவளையும் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார். காம்பவுண்டுச் சுவர் ஓரம் தகரக் கொட்டகையில் டைப்பு மிஷினை வைத்துக்கொண்டு மனு எழுதுகிற சலாவுதீன் பாய்தான் அவருடைய அத்தனை மனுவையும் அடித்துக் கொடுத்தவர். பாய் கடிதாசியை இரண்டு தடவை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“வே, நல்லாக் கேளும். நாடு ரெண்டாப் பிரிஞ்சப்ப உம்ம டிப்போ காகிதமெல்லாம் அந்தப் பக்கம் போயிட்டாம். பதக்கம் குடுத்தவங்க பேரு எழுதின ஜாபிதா இவங்கிட்ட இல்ல. ஆனா ஒரு பழைய தபால் ரிஜிஸ்தர் கெடச்சிருக்கு. நாப்பத்தாறு ஜூலையில உம்ம பேருக்கு ஒரு பாக்கெட்டு போயிருக்கு. உள்ள என்னன்னு அதுல எழுதல. போய்ச் சேந்ததுக்குக் கைநாட்டு வச்ச ரசீது இருக்காம். பதக்கத்தை அனுப்பச் சொல்லுதான். விளிம்புல பேரும் நம்பரும் வெட்டியிருக்கும்லா, அதைப் பாத்த அன்னைக்கே புஸ்தகத்தைத் திருத்திக் குடுத்துருவானாம். முப்பது நாள்ல பதில் இல்லன்னா தபாலாபீசுல விசாரிப்பானாம்.”

வெள்ளத்துரை சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். பேச்சித்தாய் அவர் சிரித்துப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவளுக்கே நினைவில்லை.

“அப்பம் அனுப்பியிருக்கான். கேட்டியாட்டி? நான் சொன்னதெல்லாம் பொய்யில்ல. அனுப்பியிருக்கான்.”

“அனுப்புனது எங்கவே?” என்றார் பாய்.

வெள்ளத்துரையின் சிரிப்பு நின்றது. “தபால்காரன். அப்பம் சங்கரசுப்பு இருந்தான். அந்த வருசமே சிவகிரிக்கு மாத்திட்டுப் போயிட்டான். வெள்ளின்னு கண்டு அமுக்கியிருக்கான். இவளுக்குப் பதிலா எவளையோ வச்சுக் கைநாட்டுப் போட்டுருக்கான். அடியும் பாய், அவன் மேல ஒரு கம்ப்ளெயிண்டு. போலீசு விசாரிக்கட்டும். இவ கைநாட்டையும் கூட வச்சு அனுப்புவம். ரசீதுல உள்ளதையும் இதையும் ஒத்துப் பாத்தா வெட்டவெளிச்சமாயிரும்.”

பாய்க்கும் அது சரியாகத்தான் பட்டது. சங்கரசுப்புக்குப் பென்ஷன் வாங்க ஒரு வருஷம்தான் இருக்கிறது, பாவி மனுஷன் இப்படிச் செய்தானே என்று சொல்லிக்கொண்டே அடித்து முடித்தார். முடித்துவிட்டு மைப்பெட்டியைத் திறந்து பேச்சித்தாய் பக்கம் தள்ளினார். வெள்ளத்துரை அவள் இடது கையைத் தாமே பிடித்துப் பெருவிரலை நீட்டினார். அவர் பிடி அத்தனை நம்பிக்கையாக இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

“வேண்டாம். ரசீதுல இருக்கது எங் கைதான்,” என்றாள்.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். நேர்ந்தது, தண்ணீர் குடித்துவிட்டுத் தபால்காரர் சொன்னது, தபசுக் கூட்டம், உண்டியல். அழாமல் சொன்னாள். ஆறு வருஷமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்ததுதானே.

“எம்மா, உண்டியல் வெள்ளிய உருக்கிக் கட்டியாக்கிருவாவளே,” என்றார் பாய் மெல்ல.

வெள்ளத்துரை அவள் கையை இன்னும் விடவில்லை. “நான் வந்து கேட்டன்னைக்கு, அது உண்டியல்லதான் கெடந்துதா?”

பொய் சொல்லியிருக்கலாம். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். அந்த வருஷம் உண்டியல் திறந்தது பங்குனியில். அவர் வந்தது தையில்.

“ஆமா.”

“ரெண்டு மாசம் கெடந்துருக்கு.”

“நீங்க போய்க் கேப்பீய. அம்மன் அதைத் திருப்பிக் குடுத்தா உங்களத் திருப்பி எடுத்துக்கிடுவா. உங்க காலு அன்னைக்கு இருந்த இருப்புக்கு நான் என்னத்தச் செய்ய?”

அவர் கையை விட்டார். அடிப்பார் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்றுகூட நினைத்தாள். அவர், பாய் அடித்து வைத்திருந்த கம்ப்ளெயிண்டை மிஷினிலிருந்து உருவி நாலாகக் கிழித்துப் போட்டார். பிறகு கொட்டகைக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். வில்வண்டி ஒன்று போயிற்று. யாரோ பாய்க்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

“நடந்தத நடந்தபடி எழுதுவமா?” என்று பாய் கேட்டார்.

“எழுதுனா? கோயிலுக்கு நோட்டீசு போவும். இவளக் கூப்ட்டு நாலு பேரு மத்தியில நிறுத்துவான். உருக்குன கட்டியில எம் பேரு இருக்குமா? அம்புட்டும் செஞ்சிட்டுக் கடைசியில இல்லன்னுதான் சொல்லுவான்.”

“பேசாம விட்டுருவம்,” என்றார் பாய்.

“முப்பது நாள்ல பதில் இல்லன்னா தபாலாபீசுல விசாரிப்பம்னுலா போட்டுருக்கான்? சங்கரசுப்பு தலையிலதான் விடியும். அவன் என்ன செஞ்சான்?” வெள்ளத்துரை பாய் பக்கம் திரும்பினார். “புதுசா ஒரு காகிதம் போடும். பாக்கெட்டு வந்தது நெசம். என் பெஞ்சாதி வாங்கினது நெசம். உள்ள இருந்தது சண்டைக்குப் போன எல்லாருக்கும் குடுத்த சாதா நட்சத்திர மெடலு. வீரப் பதக்கம் எனக்கு யாரும் குடுக்கல. நான் ஆசையில தப்பாக் கேட்டுட்டேன். புஸ்தகத்துல இருக்கதே சரி.”

பாயின் விரல்கள் மிஷின்மேல் அப்படியே நின்றன. “வே, ஒம்பது மனு எங் கையால அடிச்சிருக்கேன். இத எப்படிவே அடிப்பேன்?”

“அடியும்.”

பேச்சித்தாய் வாயைத் திறந்தாள். வேண்டாம், கோயில் முன்னால் என்னை நிறுத்தினாலும் நிற்கிறேன், நடந்ததை எழுதுங்கள் என்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய நேரத்தை எல்லாம் விட்டுவிட்டு இப்போது சொல்லி என்ன பிரயோசனம் என்று அவளுக்கே தெரிந்தது.

மிஷின் அடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு எழுத்தும் அவள் மண்டையில் விழுந்தது. அம்மனிடம் ஒரு உயிரை வாங்கினோம், அந்த உயிருக்குள் இருந்த மனுஷனை நாமே உண்டியலில் போட்டுவிட்டோம் என்று நினைத்தாள். வெள்ளத்துரை குனிந்து, பட்டாளத்தில் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் கையெழுத்தை நிதானமாகப் போட்டார். காகிதத்தை ஊதிக் காயவைத்தார். தபாலாபீஸ் பக்கத்தில்தான். தாமே போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

வெயில் ஏறிவிட்டது. ரதவீதி தாண்டும்வரை அவர் முன்னால் தாங்கித் தாங்கி நடக்க, அவள் நாலடி தள்ளிப் பின்னால் நடந்தாள். ஊர் எல்லையில் அவளுக்குத் தாளவில்லை.

“என்னைய ஒரு வார்த்தை ஏசுங்க,” என்றாள்.

அவர் நின்றார். திரும்பிப் பார்த்தார். கோபம் இருக்கும் என்று அவள் அந்த முகத்தில் தேடினாள். ஒன்றுமே இல்லை.

“எனக்கு இப்பம் ஒரு பயம் வந்துட்டு பேச்சி,” என்றார். “நானே எழுதி நானே கையெழுத்துப் போட்டுட்டேன். இனிமே அந்த ஆத்துல ரெண்டு பேரத் தூக்கிட்டு வந்தேனா இல்லியான்னு எனக்கே சந்தேகம் வந்துரும் போலருக்கு.”

தூக்கிக்கொண்டுதான் வந்தீர்கள் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். ஆறு வருஷம் பொய் சொன்ன வாய் அது. அவர் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. நடக்க ஆரம்பித்துவிட்டார்.