எதிர்க்கட்சியில் அக்கா

1

இந்தக் கதை எப்படி வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் என்னைக் குடையக் கூடாது. சபை மாதப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் போன் செய்தார். 'கடவுளை நம்புவதற்கான காரணங்கள்' என்று சிறப்பிதழ் போடுகிறார்களாம். கட்டுரைகள் குவிந்துவிட்டன, கதை மட்டும் இல்லை. கடைசிப் பத்தி வருவதற்குள் நம்பாதவனும் நம்பிவிடுகிற மாதிரி ஒன்று எழுதித் தாருங்கள் என்றார். கதை என்ன துணியா, கேட்ட அளவுக்குக் கிழித்துக் கொடுக்க? எனக்கு எரிச்சலாக வந்தது. சரி என்றும் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

உனக்கு விசுவாசம் இருக்கிறதா என்று அடுத்துக் கேட்பீர்கள். இருக்கிறது. காலையில் கொஞ்சம் கூடுதலாக, சாயங்காலம் கொஞ்சம் குறைவாக. அதற்கு மேல் கிளறாதீர்கள்.

2

முதல் தொடக்கம்: "பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் உண்டென்றால், அதைத் தொடங்கி வைத்தவர் ஒருவர்—"

அடித்துவிட்டேன். இது கட்டுரை. அதற்கு ஆசிரியரிடம் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

இரண்டாம் தொடக்கம்: "மருத்துவமனை வராந்தாவில் அவள் அழுதுகொண்டே—"

இதுவும் வேண்டாம். முதல் வரியிலேயே ஒரு பெண்ணை அழவைத்தால் நீங்கள் உருகிவிடுவீர்கள். உருகிய மனதில் எந்த வாதமும் ஒட்டாது. தவிர, அவள் அழவே இல்லை.

மூன்றாவதுதான் நின்றது: "சமையலறை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டால் அக்கா எதிர்க்கட்சி."

3

அக்காவுக்கு ஒரு தம்பி. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விடுமுறை நாட்களில் மேடையேறிக் கடவுள் இருக்கிறார் என்று வாதாடுவது அவன் ஊழியம். கத்தமாட்டான். நரகத்தைக் காட்டி மிரட்டமாட்டான். உலகத்துக்குத் தொடக்கம் உண்டு, தானாக எதுவும் தொடங்குவதில்லை, ஆகவே என்று ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு போவான். நல்லது கெட்டது என்கிற உணர்வு மனிதனுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டு நிறுத்துவான். சிலுவையில் இறந்தவரின் கல்லறை காலியாக இருந்ததற்கு வேறு விளக்கம் என்ன என்று எதிராளியிடமே கேட்பான். நம்பிக்கையை விட்டுவிடலாம் என்று வந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுவதுண்டு. அவனை நான் கேலிக்கு எழுதவில்லை, நிஜமாகவே கெட்டிக்காரன்.

அக்கா மருத்துவமனையில் மருந்து கவுன்டரில் இருக்கிறாள். நாள் முழுக்கச் சண்டைக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவள் நாக்கு நன்றாகத் தீட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு விவாதத்துக்கு முன்பும் அவள்தான் எதிராளியாக உட்கார்ந்து தம்பியைக் குடைவாள். இது அவர்கள் இருவருக்குமான பயிற்சி. அந்த நேரத்தில் அவள் சிரிக்கக் கூடாது, அவன் கெஞ்சக் கூடாது. கேள்வி நன்றாக இருந்தால், "இன்னும் கூர்மையா கேளுக்கா" என்பான். எல்லாம் முடிந்ததும் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபிப்பார்கள்.*

(* இந்த அக்காவை ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை. ஒரு திமிர் பிடித்த நாத்திகனை வைத்தால் கடைசியில் கவிழ்க்க வசதியாக இருக்குமே என்றார். எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது, விசுவாசியான பெண் இவ்வளவு நன்றாக எதிர்க்கேள்வி கேட்பாளா என்று. பிறகு என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். சந்தேகம் போய்விட்டது.)

4

ஒரு பேராசிரியரோடு பெரிய விவாதம் ஏற்பாடாகியிருந்தது. அந்த வாரத்தில் ஒருநாள் அக்கா வேலை முடிந்து வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை. தம்பி மேசையில் தாள்களைப் பரப்பி வைத்திருந்தான். காலியாக இருந்தது அந்தப் பக்கத்து நாற்காலி மட்டும்தான். அதில் உட்கார்ந்தாள். அங்கேதான் எல்லாம் கெட்டது.

"பயாப்சி ரிசல்ட் வருது," என்றாள். "ஒண்ணுமில்ல, சாதாரணக் கட்டிதான்னு டாக்டர் சொல்றார். ஸ்தோத்திரம்னு சொல்ல வாயத் திறக்கறேன். எதிர்ல யாருமே இல்ல. கெட்டது நடந்து நம்பிக்கை போனா அது கோவம். கோவப்படறதுக்காவது ஒருத்தர் வேணும். எனக்கு நல்லதுதான் நடந்துச்சு. அப்பதான் அங்க யாரும் இல்லன்னு தெரியுது."

தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. துன்பத்தைப் பற்றி யார் கேட்டாலும் அவனிடம் பதில் தயார். நன்மை நடந்து நம்பிக்கை போகிறது என்று இதுவரை யாரும் அவனை மடக்கியதில்லை. அருமைக்கா, எங்க புடிச்ச இத என்றான். தாளில் குறித்துக்கொண்டான். பேனாவைச் சுழற்றிக்கொண்டே யோசித்துப் பதிலும் சொன்னான்: "நன்றி சொல்லத் தோணுதுல்ல, அதுவே சாட்சி. பசின்னு ஒண்ணு இருந்தா சாப்பாடுன்னு ஒண்ணு இருந்துதானே ஆகணும்?"

"சாப்பாடு இருக்குன்னு நிரூபிச்சா பசி அடங்கிடுமா?"

பேராசிரியர் இதைக் கேட்டால் நான் தொலைந்தேன் என்று சொல்லி அவன் சிரித்தான். அக்கா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலைவலிக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு ஜெபம் நடக்கவில்லை. அவன் அதையும் கவனிக்கவில்லை.

[இந்த இடத்தில் அவனைக் கவனிக்க வைத்துவிடலாம் என்று நான் படாத பாடு பட்டேன். "யாரோட பயாப்சிக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். எழுதியும் பார்த்தேன். என் பேச்சை அவன் கேட்கவில்லை. கேட்கிறவர் யாரென்று பார்க்காமல் கேள்வியை மட்டும் பார்க்கத்தான் வருஷக்கணக்காகப் பழகியிருக்கிறான். அதைப் பழக்கியவளும் அக்காதான். வேறெந்த வீட்டிலாவது இப்படி ஒரு தப்பு நடக்குமா?]

5

விவாத அரங்கம். நிறைந்த கூட்டம். அக்கா இரண்டாம் வரிசையில்.

பேராசிரியர் மரியாதைக்காரர். குரலை உயர்த்தாமல் தம்பியின் ஒவ்வொரு படியையும் தட்டிப் பார்த்தார். தொடங்கி வைத்தவரைத் தொடங்கி வைத்தது யார் என்றார். தொடங்காத ஒருவரைப் பற்றித்தானே பேசுகிறேன் என்று தம்பி திருப்பிக் கொடுத்தான். ஆட்டம் சமமாகப் போய்க்கொண்டிருந்தது. சமமாகப் போவது தம்பிக்குப் போதவில்லை.

அவன் தண்ணீர் குடித்தான். எதிர்த்தரப்பின் மிக வலுவான கேள்வியை நானே எழுப்புகிறேன் என்றான்.

(நிறுத்தலாமா என்று பேனாவை மூடினேன். மறுபடியும் திறந்தேன்.)

எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படிக் கேட்டார் என்று தொடங்கி, பயாப்சி, டாக்டர், திறந்த வாய், எதிரில் யாரும் இல்லாதது, எல்லாவற்றையும் சொன்னான். அக்கா சொன்னதைவிட நன்றாகவே சொன்னான். அரங்கம் மூச்சடைத்துப்போய்க் கேட்டது. பிறகு பசியைச் சொன்னான், சாப்பாட்டைச் சொன்னான். சாப்பாட்டை நிரூபித்தால் பசி அடங்குமா என்பதையும் மறைக்கவில்லை. "அடங்காது. ஆனா சாப்பாடே இல்லன்னு சொல்றவர் அந்தப் பசியை அடக்கவே முடியாது," என்று முடித்தான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பேராசிரியரே தலையாட்டினார்.

அக்காவின் இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. பக்கத்திலிருந்த அம்மாள் அவள் முழங்கையில் தட்டி, உங்க தம்பி எவ்வளவு அழகா சொல்றார் பாருங்க என்றார்.

6

கேள்வி நேரம். நடைபாதையில் ஒரு மைக்கை நிறுத்தி வைத்து வரிசையில் வரச் சொன்னார்கள். அக்கா எழுந்து வரிசையில் நின்றாள். தம்பி மேடையிலிருந்து அவளைப் பார்த்துப் புன்னகைத்தான். பயிற்சியில் மிச்சம் வைத்த கேள்வி எதையோ கேட்டுக் கைகொடுக்கப் போகிறாள் என்று நினைத்தான்.

முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். அவள் முறை வந்தது.

"இப்ப சொன்னீங்களே, அது உதாரணம் இல்ல," என்றாள். "அது என் பயாப்சி. அன்னிக்கு நான் எதிர்க்கட்சியா வரல, தம்பி. உன் அக்காவாத்தான் வந்தேன். இப்ப சொல்லு. என் எதிர்ல யாராவது இருக்காங்களா?"

நடுவர், பதிலுக்கு இரண்டு நிமிடம் என்றார். பாவம், அவர் வேலை அது.

அவன் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பதில் அவன் நாக்கு நுனியில் இருக்கிறது. இப்போதுதான் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறான். அதையே திரும்பச் சொன்னால் அக்கா போய்விடுவாள். சொல்லாமல் நின்றால், அவன் வாதத்தைப் பிடித்துக்கொண்டு இன்னும் விழாமல் இருக்கிற எத்தனையோ பேர் அந்த இருட்டில் அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் விழுந்துவிடுவார்கள்.

7

முதல் முடிவு, ஆசிரியர் கேட்டது: தம்பி ஒரு வசனம் சொல்கிறான், அக்காவின் கண்கள் கலங்குகின்றன, "ஸ்தோத்திரம்" என்கிறாள், அரங்கம் எழுந்து—

முடியாது. தம்பியை இத்தனை பேருக்கு முன்னால் கவிழ்க்க மனசு வராமல் அவள் பொய்யாகக்கூட அதைச் சொல்லிவிடுவாள். அந்தப் பயம் எனக்கு இருக்கிறது.

இரண்டாம் முடிவு, என் கணவருடையது. எங்கள் வீட்டு நம்பாதவர் அவர்தான். அக்கா மைக்கை அணைத்துவிட்டு, தலைநிமிர்ந்து வாசலைப் பார்த்து நடக்கட்டும் என்றார். எங்கே நடப்பாள் என்று கேட்டேன். அது கதைக்குத் தேவையில்லை என்றார். இவருக்கும் ஆசிரியருக்கும் என்ன வித்தியாசம்? ஆளுக்கொரு பக்கம் நின்று அவள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஆசிரியர் பேசிக்கொண்டிருந்த போனைக் கணவர் கையில் கொடுத்து, அவரை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

மூன்றாம் முடிவில் தம்பி மேடையிலிருந்து குதித்து ஓடிவந்து அவளை— சீ, வேண்டாம். எனக்கே கூச்சமாக இருக்கிறது.

8

எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

தம்பி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தான். பேராசிரியர் தன் தாள்களைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"டெஸ்ட்டுக்கு யாருக்கா உன் கூட வந்தா?" என்றான் தம்பி.

"யாரும் வரல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ தயார் பண்ணிட்டிருந்த."

நடுவர் குறுக்கிடப் பார்த்தார். தம்பி அவரைத் திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தித் தடுத்தான். மிச்ச நேரம் என்னுடையதுதானே, அதை அக்காவுக்குக் கொடுக்கிறேன் என்றான். "அந்த ரிசல்ட் வந்த அன்னிக்கு என்ன நடந்துச்சு, முதல்லேருந்து சொல்லுக்கா. நான் கேக்கறேன்."

மேடையில் அது தோல்வி. கணக்கு வாத்தியாருக்கு அது தெரியும்.

இதுவரைக்கும்தான் எனக்கு வந்தது. கதவுக்கு வெளியே இருவரும் இன்னும் சண்டை போடுகிறார்கள். கேட்டது வெறும் தம்பிதான் என்கிறார் கணவர். தம்பியை வைத்துத்தானே கடவுள் கேட்பார் என்று போனில் சொல்கிறார் ஆசிரியர். கடைசி வாக்கியத்தைப் பாதி எழுதி வைத்திருக்கிறேன். அவள் கண்களை மூடிக்கொண்டால் ஜெபிக்கப் போகிறாள். மூடாமல் மேடையைப் பார்த்தால் தம்பியிடம் பேசப் போகிறாள். மாறி மாறி எழுதிப் பார்த்துவிட்டேன், எதை அடிக்கவும் எனக்குக் கை வரவில்லை. இந்தாருங்கள், பேனாவை நீங்கள் பிடியுங்கள். சீக்கிரம், அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.

அக்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்களை